வரப்போடு நின்ற சட்டம்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகிறவர்கள் வழியெங்கும் அம்பேத்கர் சிலைகளைப் பார்க்கலாம். பல சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. யாருக்குப் பயந்து கூண்டு போட்டார்கள் என்று ஊருக்குத் தெரியும். கையிலிருக்கும் புத்தகம் அரசமைப்புச் சட்டம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தின் 41ஆவது பிரிவு வேலையில்லாதவருக்கும், முதியவருக்கும், நோயாளிக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அரசு உதவ வேண்டும் என்று சொல்வது பலருக்குத் தெரியாது. அடுத்த 42ஆவது பிரிவு, பேறுகாலத்தில் பெண்ணுக்கு நிவாரணம் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. நடவு வயலில் ஏழாம் மாதத்து வயிற்றோடு குனிந்து நிற்கும் பெண்ணுக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் உண்டு.

அந்த இடம் தானாக வந்துவிடவில்லை. பேறுகாலத்துக்கும் கூலிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை அம்பேத்கர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தார். அவர் வாழ்க்கையைப் பேசும்போது மகாடு குளத்தையும் பூனா ஒப்பந்தத்தையும் நாக்பூரையும் சொல்கிறோம். இந்தப் பக்கத்தை மேடைகளில் அதிகம் சொல்வதில்லை.

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தாய் பீமாபாய்க்கு இவர் 14ஆவது பிள்ளை. பெற்ற 14 பேரில் பிழைத்து நின்றவர்கள் மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும்தான். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது ஆகும் முன்பே பீமாபாயும் இறந்துவிட்டார். பதினான்கு பேறு கண்ட உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய செய்தியல்ல. ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததுதான்.

1906இல் மும்பை பைகுல்லா சந்தைக் கொட்டகையில், கடைகள் அடைத்த பிறகு இரவில் அவருக்குத் திருமணம் நடந்தது. அவருக்கு 15 வயது, ராமாபாய்க்கு ஒன்பது வயது இருக்கும். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். பிறகு லண்டன். இடையில் நாடு திரும்பி, பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டார். மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மீண்டும் லண்டன் போய், 1923இல் பாரிஸ்டராகவும் பொருளாதார டாக்டராகவும் திரும்பினார். பாடப்புத்தகம் இந்தப் பட்டங்களை வரிசையாகச் சொல்லும். அதே ஆண்டுகளில் ராமாபாய் மும்பை பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் சிறு அறைகளில் வீட்டுச் செலவை அணா அணாவாக எண்ணிக்கொண்டிருந்தார். வறட்டி தட்டிக் குடும்பம் நடத்தினார் என்று மராட்டியத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

அவர்களுக்குப் பிறந்தது ஐந்து பிள்ளைகள். மூத்தவர் யஷ்வந்த் மட்டுமே நிலைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து என்ற மகள், கடைசியாக ராஜரத்னா என்று நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டார்கள். ராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். அடுத்த மாதம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நான்கு பிள்ளைகளைப் புதைத்த தகப்பனாக அம்பேத்கர் உடைந்துபோயிருப்பது தெரிகிறது. அந்தப் பேறுகளும் இழப்புகளும் ராமாபாயின் உடம்பைக் கரைத்தன. அவர் 1935 மே 27 அன்று இறந்தார்.

ராஜரத்னா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928 ஜூலை 28 அன்று, அம்பேத்கர் மும்பை சட்ட மேலவையில் எழுந்து பேசினார். ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகால நிதி தரும் மசோதா அன்று விவாதத்துக்கு வந்திருந்தது. அவர் நியமன உறுப்பினராக அவைக்குள் வந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. சொந்தத் துக்கம்தான் அவரைப் பேசவைத்தது என்று நான் முடிச்சுப் போடவில்லை. இரண்டு தேதிகளையும் அருகருகே வைக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கு முன்பே, 1924இல், தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் இப்படி ஒரு மசோதா கொண்டுவந்து தோற்றிருந்தார். மும்பையிலும் எதிர்ப்பு இருந்தது. வேலை செய்யாத நாளுக்கு எதற்குப் பணம், முதலாளி ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் எதிர்ப்பின் சாரம். அம்பேத்கரின் பதிலில் இரண்டு பகுதிகள் இருந்தன. மாணவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெறுவதற்கு முன்பும் பின்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டு மக்கள் அனைவருக்கும் நன்மை. மக்கள் நலனைக் காப்பது முதலில் அரசின் கடமை. ஆகவே செலவில் பெரும் பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பது முதல் பகுதி. அதனால் முதலாளி கைகழுவிவிட முடியாது என்பது இரண்டாவது. முதலாளி ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பது தருமத்துக்காக அல்ல. ஆணை வைப்பதைவிடப் பெண்ணை வைத்தால் விகிதப்படி லாபம் கூடுதல் என்பதால்தான் வைக்கிறார். அந்த லாபத்தை எடுப்பவர், அந்தப் பெண்ணின் பேறுகாலச் செலவில் ஒரு பங்கையும் கொடுக்க வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த இரண்டாவது வாதத்தை விளக்க வேண்டியதில்லை. நாற்றுப் பறிப்பது, முடி சுமந்து வீசுவது, அண்டை வெட்டுவது ஆணுக்கு. நடவும் களையும் பெண்ணுக்கு. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்பவளுக்குக் கூலி குறைவு. கூலி குறைவு என்பதாலேயே அந்த வேலை பெண்ணுக்கு. 1928இல் ஆலைப் பெண்ணைப் பற்றிச் சொன்ன கணக்கு வயல் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது.

1929இல் மும்பை மாகாணத்தில் அந்தச் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் பேறுகால நலச் சட்டம் அதுதான். 1930களில் சென்னை மாகாணமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அம்பேத்கர் சொன்னதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அரசு பங்கு கொடுக்கவில்லை. முழுச் செலவும் அந்தந்த ஆலை முதலாளி தலையில் விழுந்தது. முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வேலையிலிருந்து நிறுத்துவது, கல்யாணமான பெண்களை எடுக்காமல் தவிர்ப்பது என்று முதலாளிகள் வழி கண்டுபிடித்தார்கள். பெண்ணுக்கு நன்மை செய்ய வந்த சட்டம் அவள் வேலைக்கே உலை வைத்தது. இந்தக் கோளாறைச் சரிசெய்ய இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. சரிசெய்யும் வேலையிலும் அம்பேத்கரின் கை இருந்தது.

அதற்கு முன் வேலையின்மை பற்றி ஒரு வார்த்தை. 1918இல், சிடன்ஹாம் கல்லூரிக் காலத்தில், இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதால்தான் விவசாயி ஏழையாக இருக்கிறான் என்று அப்போதைய அறிஞர்கள் சொன்னார்கள். அம்பேத்கர் வேறு இடத்தைத் தொட்டார். நிலத்தை நம்பி இருப்பவர்களில் பெரும்பகுதியினருக்கு ஆண்டில் பல மாதம் வேலையே இல்லை. வேலை செய்கிறவர் போலத் தெரிகிறார்கள், ஆனால் சும்மா இருக்கிறார்கள். அவர்களின் சாப்பாட்டுச் செலவு மட்டும் நிற்பதில்லை. தொழில்களை வளர்த்து அந்தக் கைகளுக்கு வேலை தராவிட்டால் விவசாயம் தேறாது என்றார். மறைமுக வேலையின்மை என்று பொருளாதாரப் பாடத்தில் இன்று படிக்கிற விஷயம் இதுதான். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை, தாமதமானால் சம்பா மட்டும், அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது, தை முடிந்தால் சும்மா என்று காலண்டரைப் புரட்டும் நம் குடும்பங்களுக்கு இது பாடமல்ல, நடப்பு.

1936இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். மறுவருடம் மும்பை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொங்கணப் பகுதியில் கோத்தி என்ற நில முறை இருந்தது. அரசுக்கும் உழுபவனுக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு வசூல் செய்வான். மிராசு என்றால் நமக்குச் சட்டென்று புரியும். அதை ஒழிக்க 1937இல் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகளை மும்பை நகரத்துக்குள் பேரணியாக அழைத்து வந்தார். அதே 1938 நவம்பரில் அவர் கட்சி உறுப்பினர் ரோகம், கருத்தடை வசதிகளை அரசு மக்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான உரையை எழுதியவர் அம்பேத்கர். ஓயாமல் பிள்ளை பெறும் பெண்ணின் உடம்பு என்ன ஆகிறது என்பதை அந்த உரை மறைக்காமல் பேசியது. தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. பெண்ணின் வயிற்றைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுவதா என்று முகம் சுளித்த காலம். இன்றும் நம் பஞ்சாயத்துக் கூட்டங்களில் அந்தச் சுளிப்பு போகவில்லை.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்கு உறுப்பினரானார். இன்றைய கணக்கில் மத்தியத் தொழிலாளர் அமைச்சர். நான்கு ஆண்டுகள் இருந்தார். அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஆண்டுகளும் இவைதான்.

சுரங்கங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு 1941இல் ஒரு பேறுகாலச் சட்டம் வந்திருந்தது. பிரசவத்துக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் பணம் உண்டு. ஆனால் முதல் நான்கு வாரத்துக்கான வாசகம் தெளிவாக இல்லை. வாசகம் குழம்பினால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1943 ஜூலையில் அதைச் சரிசெய்ய அம்பேத்கர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சின்னத் திருத்தம்தான், மேடையில் முழங்க முடியாத விஷயம். ஆனால் கையில் காசு வருகிறதா இல்லையா என்பதை ஒரு சட்டத்தில் இப்படிப்பட்ட சின்ன வரிகள்தான் தீர்மானிக்கின்றன. உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இங்கே ஒரு கறுப்புப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பூமிக்கு அடியில் சுரங்க வேலைக்குப் பெண்களை இறக்கக் கூடாது என்று ஏற்கெனவே தடை இருந்தது. உலகப் போரில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, 1943இல், அரசு அந்தத் தடையை நீக்கியது. துறைப் பொறுப்பில் இருந்தவர் அம்பேத்கர். 1944இல் மத்திய சட்டமன்றத்தில் இதற்குக் கடும் கண்டனம் வந்தது. போர்க்கால நெருக்கடி, தற்காலிக ஏற்பாடு, ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கும் உண்டு என்று அவர் விளக்கம் சொன்னார். 1946இல் தடை திரும்ப வந்தது. சம கூலி என்பது அன்றைக்குப் பெரிய பேச்சுதான். ஆனாலும் முடிவு சரியல்ல என்பதே என் கருத்து. கரி வேண்டும் என்று வந்தபோது முதலில் இறக்கப்பட்டது ஏழைப் பெண்களின் உடம்பு. அவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் ஏராளம். சிலைக்கு மாலை போடுகிறவர்கள் இதைச் சொல்லக் கூசக் கூடாது. அந்த முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார், 1943 டிசம்பரில் தன்பாத் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தவரும் அவர்தான்.

அதே ஆண்டுகளில் துறையில் பெரிய வேலைகள் நடந்தன. தொழிற்சாலை வேலை நேரத்தை வாரம் 48 மணியாகக் குறைக்கும் திருத்தம் 1946இல் நிறைவேறியது. போர் முடிந்து வருகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேலை தேடித் தர வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அமைப்பு 1945இல் உருவானது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாம் பதிவு புதுப்பிக்கப் போகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அந்தப் பதிவை வைத்துத்தான் தமிழ்நாடு அரசு வேலையில்லாதோர் உதவித்தொகையைத் தருகிறது. ஐந்தாண்டு பதிவு இருந்தால் பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டுப் பதிவு போதும், தொகையும் கூடுதல். இந்தக் காசில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் வேலை இல்லாததற்கு அரசும் பொறுப்பு என்பதை அந்தத் தொகை ஒப்புக்கொள்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரியது தொழிலாளர் காப்பீடு. 1943இல் பேராசிரியர் அதார்க்கர் என்பவரிடம் ஒரு திட்டம் தயாரிக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. 1944இல் அறிக்கை வந்தது. நோய், பேறுகாலம், வேலையில் ஏற்படும் ஊனம் ஆகியவற்றை ஒரே நிதிக்குள் கொண்டுவரும் ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். பணம் ஒரு பொது நிதிக்குப் போகும். ஒரு பெண் உண்டானால் அந்த நிதி அவளுக்குக் கொடுக்கும். அவளை வேலையை விட்டு நிறுத்துவதால் முதலாளிக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. 1929 சட்டத்தின் கோளாறுக்கு இதுதான் மருந்து. சட்டம் நிறைவேறிய 1948இல் அம்பேத்கர் அந்தத் துறையில் இல்லை. அப்போது தொழிலாளர் அமைச்சர் பீகாரின் ஜெகஜீவன் ராம். அவரும் தலித் தலைவர். இந்த நாட்டுத் தொழிலாளியின் பாதுகாப்புச் சட்டத்தில், தலித் குடும்பங்களில் பிறந்த இரண்டு பேரின் கைரேகை இருக்கிறது. அதைத்தான் நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்கிறோம்.

ஈ.எஸ்.ஐ. நமக்கு என்ன என்று வயல்காட்டுக்காரர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பக்கத்து நூல் ஆலைகளிலும் டெல்டாப் பெண்கள் ஏராளம் பேர் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் ஆகி, உண்டாகி, வேலையை விட்டுவிட்டுத் தாய்வீடு வந்துவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று பிடித்திருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பத்து இலக்கக் காப்பீட்டு எண் இருக்கும். கணக்கில் வரும் இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் வரை சராசரி நாள் கூலி முழுவதும் கிடைக்கும். நின்றுவிட்டோமே, இனி என்ன இருக்கிறது என்று பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சந்தா நாட்கள் இருந்தால் விட வேண்டியதில்லை. எண்ணை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். பேறுகாலப் பணம் பெறும் காலத்தில் வேலை நீக்கம் செய்வதும் சட்டப்படி செல்லாது.

அம்பேத்கர் ஆலைக்கு வெளியே இருந்த பெண்ணை மறந்தாரா? 1947 மார்ச்சில் அரசமைப்புக் குழுவிடம் அவர் கொடுத்த மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற அறிக்கையைப் படித்தால் பதில் கிடைக்கும். விவசாய நிலம் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். கூட்டுப் பண்ணையாகப் பயிரிட வேண்டும். நிலக்கிழாரும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. காப்பீட்டுத் தொழில் முழுக்க அரசிடம் இருக்க வேண்டும். வயது வந்த ஒவ்வொருவருக்கும் வருமானத்துக்கேற்ற ஆயுள் காப்பீடு கட்டாயம். இவற்றையெல்லாம் பின்னால் வரும் அரசுகள் மாற்ற முடியாதபடி அரசமைப்பிலேயே எழுதிவிடச் சொன்னார். அப்படி நடந்திருந்தால் பண்ணையாள் முறையின் கடைசிக் காலத்தில் இருந்த தஞ்சாவூர் மாவட்டம் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அது நடக்கவில்லை. அந்தத் திட்டத்தை ஏற்க அவையில் பெரும்பான்மை இல்லை.

1947 ஆகஸ்டில் அவர் வரைவுக் குழுவின் தலைவரானார். 41, 42 ஆகிய பிரிவுகள் அரசுக்கு வழிகாட்டும் நெறிகள் என்ற பகுதியில் இடம்பெற்றன. அந்தப் பகுதியில் இருப்பவற்றை நீதிமன்றம் போய் வற்புறுத்த முடியாது என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. பல்லில்லாத பிரிவுகள் என்று அப்போதே கேலி செய்தார்கள். ஆட்சிக்கு வருகிறவர்கள் இவற்றைப் புறக்கணித்தால் தேர்தலில் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அம்பேத்கரின் விளக்கம். தான் கேட்டது கிடைக்காதபோது, கிடைத்ததைக் கொண்டு அடுத்த தலைமுறைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுப் போனார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கடைசி ஆண்டுகளில் உடம்பு அவரைக் கைவிட்டது. நீரிழிவும் கால்வலியும் நடையை முடக்கின. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டதைக் கண்டு 1951இல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டில்லியில் காலமானார்.

அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1961இல், நாடு முழுமைக்கும் ஒரே பேறுகால நலச் சட்டம் வந்தது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்று அதில் பட்டியல் உண்டு. பிறகு கடைகளையும் சேர்த்தார்கள். 2017இல் ஓய்வுக் காலம் 26 வாரமாக உயர்ந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் ஒரே சட்டமாகச் சேர்த்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். வலங்கைமான் நெல் வயல் பெண் இல்லை. இருவரும் செய்வது பயிர் வேலைதான். தோட்டத்துக்கு ஒரு முதலாளியும் ஒரு பேரேடும் உண்டு. நடவுக் கும்பலோடு போகிறவளுக்கு இன்று ஒரு வயல், நாளை இன்னொரு வயல். யாருடைய பேரேட்டிலும் அவள் பெயர் இல்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. வெண்மணியில் 44 உயிர்களை எரித்த பிறகு, 1969இல், கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலிக்கே இத்தனை பேரைக் கொடுத்த மண்ணில் பேறுகாலக் கூலியைக் கேட்க யாருக்கும் மூச்சு இருக்கவில்லை.

வயல் பெண்ணுக்கு இன்று இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம். 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்ந்தது. இதில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில் வரும். மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். மத்திய அரசின் பேறுகால நிதியும் இதோடு சேர்ந்தே வருகிறது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. அரசு, பொதுத்துறை நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருப்பவரும், வேறு சட்டப்படி இதே போன்ற பயன் பெறுபவரும் மட்டும் அதில் வரமாட்டார்கள். 1928இல் அம்பேத்கர் அரசின் பங்கு என்று சொன்னது ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கிறது. 26 வாரக் கூலியோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு குறைவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும்.

அந்தப் பணமும் எல்லோருக்கும் ஒழுங்காக வந்துவிடுவதில்லை. 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும். நாள் தள்ளிப்போனது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வீட்டில் மூடி வைத்தே மூன்று மாதத்தைக் கடத்திவிடுகிறார்கள். ஆதாரில் அப்பா பெயர், குடும்ப அட்டையில் கணவர் பெயர், வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பது என்று சிக்கல்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனால் இங்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். எந்த எண்ணையும் கொடுக்காமல் பெயரை மட்டும் சொன்னால் இரண்டு இடத்திலும் தேடத்தான் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிப் பெண் என்றால் அடையாள அட்டை, உதவித்தொகை, மகப்பேறு நிதி என்று தனித்தனி வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் படிக்கட்டு. எழுத்து தெரிந்த தம்பி தங்கைகள் கூடப் போனால் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். பதிவு செய்தும் பணம் வராத கர்ப்பிணிகள், தாய்மார்களின் பட்டியலைப் பெயர், பிக்மி எண், நின்றுபோன தவணை ஆகியவற்றோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். விவசாயக் கூலிப் பெண்களுக்கும் பேறுகாலக் கூலி வேண்டும் என்ற கோரிக்கையை 42ஆவது பிரிவைக் குறிப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.